விண்ணாட்டத்தின் ஏழாம் விதி

என் அன்புக்குரிய நீக்கிலாஸ்,

இறுப்பிட்டி கந்தப்பு தில்லைநாதன், தொழிலால் நில அளவையாளனும் உம்முடைய வற்புறுத்தலால் விண்ணாட்ட நடுவருமாகிய நான், ஒரே ஒரு செய்தியை உமக்கு அறிவிக்கும் பொருட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். முதலாவது போட்டி நடந்து முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்ற சொல்லை நீர் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டம் முடியவே முடியாது என்றுதான் உம்மோடு இத்தனை வருடமும் வாதாடினேன்.

"எனக்கே உம்மடை பேரைச் சொல்லுறீரோ ஐசே" என்று நீர் சிரிப்பது கேட்கிறது. இதை உம்மைத் தவிர மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். ஆகவே ஒழுங்கின்படி எழுதுகிறேன். அவர்களுக்காக உமக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல நேரும். பொறுத்துக்கொள்ளும்.

ஊர்காவற்றுறையில் ஐஸ் தொழிற்சாலை வேலையும் நீருமாக இருந்த காலத்தில், ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு நீர் தொடர்கதை எழுதினீர். வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் தீவுச்சனங்கள் வீட்டுக்கூரை அளவான பட்டங்களில் தொங்கிக்கொண்டு கடலுக்கு மேலே பறந்து விளையாடுவார்கள். எரிகின்ற ஒரு விளக்கைக் கைக்குக் கை எறிந்து, எதிரணியின் வெளிச்சவீட்டில் கொண்டுபோய் வைத்தால் வெற்றி. பட்டத்தின் வாலை எதிரி பிடுங்கிவிட்டால் ஆள் கடலில் விழுவார். தன்னுடைய அணியின் தோணி வந்து ஏற்றும்வரை மிதப்பார். பட்டத்தில் கட்டுகிற விண் என்னும் நார் காற்றில் கூவுகிற சத்தத்தைக் கொண்டு யார் எங்கே பறக்கிறார் என்று அறிவார்கள். அதனாலே விண்ணாட்டம் என்று பெயரிட்டீர்.

கதையில் எந்த ஆட்டமும் ஒரே மாதிரித்தான் முடியும். நடுவர் தாழப் பறந்து நீர்ப்பரப்பை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு, "கடலில் ஒருவரும் இல்லை" என்று அறிவிப்பார். அதற்குப் பிறகுதான் விளக்கு அணையும்.

கனடாவிலிருந்து உம்முடைய அக்காவின் மகன் அனுப்பிய வீடியோ நினைவிருக்கிறதா? எங்கோ ஒரு கதையில் தும்புத்தடியில், அதாவது விளக்குமாற்றில், பறந்து ஆடுகிற ஆட்டத்தை, அங்கே வளர்ந்த ஆண்களும் பெண்களும் கால்களுக்கிடையே தடியை வைத்துக்கொண்டு நிலத்தில் ஓடி ஆடினார்கள். விசில், மஞ்சள் அட்டை, கோப்பை, எல்லாம் இருந்தது. நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. "நாங்களும் விளையாடுவம் ஐசே. நீர் சட்டம் எழுதும்" என்றீர்.

பறப்பதை நிலத்தில் எப்படி அளப்பது? அளவை நாடாவோடு வாழ்கிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான கேள்வி வந்ததில்லை. உயரம் இல்லை, காற்று தாங்குவதில்லை, விழுவதற்குக் கடலும் இல்லை. பட்டத்தை விட்டுவிட்டு வாலை மாத்திரம் எடுப்போம் என்று சொன்னவர் நீர்தான். இடுப்பில் ஒரு துணிவாலைச் செருகிக்கொண்டு ஓட வேண்டும். வால் இருக்கும்வரை பறக்கிறீர், பிடுங்கப்பட்டால் விழுந்துவிட்டீர். விழுந்த இடத்திலேயே குந்தியிருக்க வேண்டும். அணிக்கு இரண்டு பேர் தோணி. அவர்கள் வந்து தோளில் தொட்டுப் புதிய வாலைக் கொடுத்தால் மீண்டும் எழும்பலாம். விளக்குக்குப் பதிலாகப் பந்து, வெளிச்சவீட்டுக்குப் பதிலாகக் கம்பத்தில் கட்டிய மீன்பறிக் கூடை; பந்து உள்ளே விழுந்தால் ஒரு பறி என்று கணக்கு. நான் எழுதிய விதிகளுள் அழகானவை எல்லாம் உம்முடைய வாயிலிருந்து வந்தவை.

பிறகு ஊர் எங்களை விட்டுவைத்ததா? சர்வேயரைச் சேவையர் என்று அழைக்கிற சந்தை மீன்காரப் பெண்கள் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். "சேவையர் ஐயாவுக்கு வால் முளைச்சிட்டுதாம். மிரிச்சுப்போடாதையுங்கோ" என்பார்கள். உம்முடைய மனைவி திரேசாவோ, "கண்டறியாத வால்" என்று ஒரே சொல்லோடு குசினிக்குள் போய்விடுவா.

நடுவருக்கும் வால் வேண்டும் என்று நீர் பிடித்த பிடியை நான் கடைசிவரை எதிர்த்தேன். "தீர்ப்புச் சொல்லுறவனும் காத்திலைதானே நிக்கிறான். அவனும் விழுவான்" என்றீர். சரி, எழுதினேன். நடுவரின் வால் வெள்ளை. வால் இழந்த நடுவரின் விசில் செல்லாது. அவரை எந்தத் தோணியும் தூக்கலாம். எனக்கு அது வேடிக்கை விதியாகவே பட்டது. விளையாடுகிறவர்களுக்கோ அந்தச் சலுகைகூட இல்லை. ஐந்தாம் விதி மிகத் தெளிவாக இருந்தது: விழுந்தவரை அவருடைய சொந்த அணியின் தோணியே தூக்க வேண்டும்.

எங்களுக்குள் உண்மையான சண்டை ஏழாம் விதியில்தான். இறுதி விசில் ஊதிய பின்னரும், விழுந்தவர் ஒருவரேனும் தூக்கப்படாமல் இருக்கும்வரை ஆட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படாது. உம்முடைய கதையின் கடைசி வாக்கியத்தைத்தான் நான் சட்டமொழியில் எழுதினேன். எழுதிய நாளிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. முடிவுநேரம் இல்லாத போட்டியை யார் ஏற்பார்கள்? நகர அணியினர் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு பழகி ஆடத் தொடங்கிய பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய தலைவன் பிரதீபன், பொறியியல் படித்தவன், மரியாதையான பையன். இரு தரப்பாரும் இருந்த விதிக்குழுவின் கூட்டத்தில் எழுந்து, இந்த ஒன்றை வெட்டினால் நாளைக்கே வேறு ஊர்களிலும் அணி சேர்க்கலாம் என்றான். நியாயமான பேச்சு. நானும் அந்தப் பக்கம்தான்.

ஆஸ்பத்திரியில் உம்முடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அதைத்தான் சொன்னேன். உமக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் வாதம் என்றதும் தலையணையில் நிமிர்ந்தீர்.

"ஏழாம் விதியிலை ஓட்டை இருக்கு ஐசே. ஓட்டை இருந்தா ஆரோ ஒருத்தன் அதுக்குள்ளாலை வருவான்" என்றேன்.

"வரட்டுமன்" என்றீர். "ஆர் வாறான் எண்டு பாப்பம்."

பிறகு, "ஒரு போட்டியாவது விளையாடிப் பாக்காமல் வெட்டாதையும்" என்றும் சொன்னீர். நான் வாக்குக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது ஒரு விதியைப் பற்றி. அதற்காக வருத்தமில்லை. வேறு எதைப் பற்றிப் பேசியிருப்போம்?

உம்முடைய அடக்கத்துக்குப் பிறகு விதிக்குழுவிடம் அந்த வாக்கை வைத்தேன். முதற்போட்டி ஏழாம் விதியோடு நடக்கட்டும். ஆட்டம் ஒழுங்காக முடிந்தால் விதி நிலைக்கும், முடியாவிட்டால் அன்றே நீக்கப்படும் என்று ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்திட்டுவிட்டுத்தான் யோசித்தேன். அந்த விதி போனால் மிஞ்சுவது என்ன? வால் பிடுங்கி ஓடுகிற இன்னொரு பந்தாட்டம். நீர் இருந்தீர் என்று சொல்ல அதில் ஒன்றும் இராது. உம்மோடு வாதாடி வெல்ல விரும்பியவன்தான் நான். நீர் இல்லாத இடத்தில் வெல்ல விரும்பவில்லை.

போட்டி ஊர்காவற்றுறையில், இறங்குதுறையைப் பார்த்த வெளியில் நடந்தது. எல்லைகளை நானே அளந்து சுண்ணாம்பு போட்டேன். என்னைச் சித்தப்பா என்றே அழைக்கிற உம்முடைய மகள் அமலா தீவக அணிக்குத் தலைவி, இரண்டு தோணிகளில் ஒன்றும் அவள்தான். தன் வலைக்கடையை அன்று பூட்டிவிட்டாள். நெடுந்தீவில் மாடு வளர்க்கிற புனிதன் பந்து கொண்டோடுகிறவன். உமக்கு அவனைத் தெரியும், கோபம் மூக்கு நுனியில். மூன்று பேர் எழுவைதீவிலிருந்து காலைப் போட் என்கிற பயணப்படகில் வந்திருந்தார்கள். திரேசா வீட்டிலிருந்து கதிரை ஒன்றைத் தூக்கிவரச் செய்து, கோட்டுக்கு அருகே அதில் அமர்ந்திருந்தா. வருவா என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால், ஏன் வந்தா என்று அவவுக்கே விளங்காத மாதிரி இருந்தது.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. தீவகத்துக்கு நீலவால், நகரத்துக்கு மஞ்சள்வால். சனம் முதலில் சிரித்தது. கொஞ்சநேரத்தில் சிரிப்பை மறந்து கத்தத் தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு நகர அணியினர் ஒரு தந்திரம் செய்தார்கள். அமலாவோடு ஓடிய மற்றத் தோணியின் வாலைப் பிடுங்கினார்கள். தோணியின் வாலைப் பிடுங்கலாமா? விதி தடுக்கவில்லை. நாங்கள் பழகிய நாட்களில் தீவகப் பிள்ளைகள் எவரும் தோணியைத் தொட்டதில்லை. ஆகவே எனக்கும் அது தோன்றவில்லை. நான் அனுமதித்தேன். புனிதனுக்குக் கண் சிவந்தது. அவன் பந்தை எறிந்துவிட்டுப் போய், நகர அணியின் இரண்டு தோணிகளின் வாலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கினான்.

அந்நேரம்தான் இறுதி விசில் ஊத வேண்டியதாயிற்று. நகர அணி ஒரு பறி கூடுதல். அமலா ஓடியோடித் தன் அணிப் பிள்ளைகள் எல்லாரையும் தூக்கிவிட்டாள். நகர அணியிலோ பறிக்குக் காவல் நின்ற இருவரைத் தவிர எல்லாரும் நிலத்தில். அவர்களைத் தூக்க அவர்களுடைய தோணி இல்லை. தோணியே கடலில் கிடந்தது.

நீக்கிலாஸ், நான் சொன்ன ஓட்டை இதுதான். நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. விழுந்தவர் எழும்ப முடியாது. எழும்பாதவரை ஆட்டம் முடியாது. முடியாதவரை தீவக அணி எத்தனை பறியும் போட்டுக்கொண்டே இருக்கலாம். எல்லாம் விதிப்படி. குழுவினர் கோட்டுக்கு வெளியே ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் சரியாகச் சொன்னேன் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

சனம் புனிதனை உசுப்பியது. "ஏன் நிக்கிறாய்? கொண்டுபோய்ப் போடு." அவன் பந்தோடு பறியை நோக்கி நடந்தான். ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை; காவல் நின்ற இரண்டு பேர் ஓர் அணி முழுவதையும் எப்படித் தடுப்பார்கள்? நிலத்தில் குந்தியிருந்த பிரதீபன் என்னைப் பார்த்து, "சேர், நாங்கள் ராவைக்கும் இதிலைதான் இருக்கிறதோ? சாப்பாடு வருமோ?" என்று கேட்டான். சிரிக்க வைக்கத்தான் கேட்டான். குரல் சிரிக்கவில்லை.

இறங்குதுறையில் எழுவைதீவுப் போட் ஒருமுறை ஹோர்ன் அடித்தது.

அமலா திரும்பிக் கடலைப் பார்த்தாள். பிறகு நேரே பிரதீபனிடம் நடந்துபோய்த் தோளில் தொட்டு, தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு நீலவாலை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்காமல் விழித்தான். "பிடி, கெதியா" என்றாள். அடுத்தவனிடம் போனாள்.

புனிதன் பறிக்கு முன்னால் நின்றுவிட்டான். பந்தைத் தலைக்கு மேலே தூக்கியபடியே, எறியாமல், "அமலா! உனக்கென்ன விசரே?" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. அவனும் எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று பிறகு கேட்டேன். கை வரவில்லை என்று மட்டும் சொன்னான்.

நான் குறுக்கே போனேன். "பிள்ளை, ஐந்தாம் விதி. அது உங்கடை ஆக்கள் இல்லை. உம்மடை தொடுகை செல்லாது."

"தெரியும் சித்தப்பா. எழுவைதீவுப் போட் வெளிக்கிடப்போகுது. உவங்கள் எழும்பினாத்தானே எல்லாரும் வீட்டை போகலாம்."

"இது விதிமீறல். எதிர்ப்புச் சொல்ல உரிமை தீவக அணித்தலைவருக்கு உண்டு."

"தலைவி நான்தானே? நான் செய்ததுக்கு நானே எதிர்ப்புச் சொல்லுறதோ?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணிக்கை கிடக்கிற ஆக்களுக்கு மேலாலை ஓடிப் பறி போட்டிட்டு, அம்மாவுக்கு முன்னாலை என்னெண்டு போய் நிக்கிறது?" என்றாள்.

நான் விசிலை வாயில் வைத்தேன். குற்றத்துக்கு ஊதுவதா, முடிவுக்கு ஊதுவதா? பாதிக்கப்பட்ட தரப்பு முறையிடாத மீறலை நடுவர் கடந்துசெல்லலாம் என்று ஒன்பதாம் விதியில் நானே எழுதியிருக்கிறேன். பொதுவாக எல்லா ஆட்டங்களிலும் உள்ளதுதான். அதைப் பிடித்துக்கொண்டேன். விதிக்கு வெளியே போகவில்லை என்பதை உமக்கு அழுத்திச் சொல்கிறேன். ஆனால் அந்த விதியை அவ்வளவு விரைவாக நான் வேறெந்த நாளும் தேடிப்பிடித்ததில்லை.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். மஞ்சள் உடுப்புக்காரர் நீலவாலோடு. பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் சனம் சிரிக்கவில்லை. நான் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். உம்முடைய வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"கடலில் ஒருவரும்..."

"நில்லுங்கோ சித்தப்பா. ஒராள் இருக்கிறார்."

அமலா என் இடுப்பைக் காட்டினாள். வெள்ளைவாலைக் காணவில்லை. யாரும் பிடுங்கினதாகத் தெரியவில்லை. அமளியில் கழன்று காற்றோடு போயிருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக வாலில்லாமல் தீர்ப்புச் சொன்னேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இப்போது சனம் சிரித்தது பாரும், இறங்குதுறையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "சேவையர் எப்பவோ விழுந்திட்டார்" என்று ஒரு பெண்குரல். விதி விதிதான். ஐம்பது வயது மனிதன் நான், சுண்ணாம்புக் கோட்டின்மேல் குந்தினேன்.

அவள் வந்து தோளில் கை வைத்தாள். பையில் கடைசியாக ஒரு நீலவால் இருந்தது. குனிந்து, என் இடுப்புப்பட்டியில் அதைச் செருகினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாள். "எழும்புங்கோ" என்றாள். உம்முடைய அடக்கத்தன்று நான் அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழும்பினேன்.

கடலில் ஒருவரும் இல்லை என்று அறிவித்து, விசிலை ஊதினேன். தீவக அணி ஒரு பறியால் தோற்றது.

குழு இறங்குதுறைக்குப் போகிற வழியிலேயே கூடியது; எழுவைதீவுக்காரர் போட்டில் ஏற வேண்டும் அல்லவா? ஆட்டம் முடிந்ததா, முடிந்தது. ஒழுங்காகவா, நடுவர் ஒழுங்காகவே என்கிறார். பிரதீபன் கையில் இன்னும் நீலவால் இருந்தது. "சேர், வெண்டனாங்கள் எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு. ஆனா வெண்டது வெண்டதுதான்" என்றான். பிறகு, ஏழாம் விதி இருக்கட்டும் என்று முதலில் கை உயர்த்தியவனும் அவன்தான். எதிர்த்து ஒரு கையும் எழவில்லை. புனிதன் ஒரு மாதத்துக்கு அமலாவோடு கதைக்க மாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அவளுடைய பந்துப்பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

திரேசா கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தா. நான் அருகே போனேன். "அவர் எழுதினமாதிரித்தானே முடிஞ்சது, என்ன அண்ணை?" என்றா. ஓம் என்றேன். "கண்டறியாத வால்" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கதிரையைத் தூக்கச் சொன்னா.

அன்றிரவு, பல மாதங்களுக்குப் பிறகு, படுத்தவுடன் நித்திரை வந்தது எனக்கு.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. அவள் அவர்களைத் தூக்கியது போட்டுக்காகவா, அம்மாவுக்காகவா, அல்லது உமக்காகவா? நீர் அவளுக்கு இதைப் பற்றி ஏதும் சொல்லிவைத்தீரா? கேட்டுப் பார்த்தேன். "அப்பா இருந்திருந்தா, தோத்ததுக்கு என்னைத்தான் பேசியிருப்பார்" என்று சிரித்தாள். அதுவும் உண்மைதான். தோற்க உமக்கு ஒருநாளும் பிடிக்காது.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். ஐந்தாம் விதியை இவ்வாறு திருத்துவேன்: விழுந்தவரை எந்த அணியின் தோணியும் தூக்கலாம். தூக்கியே ஆக வேண்டும் என்று எழுதும்படி குழுவில் சிலர் கேட்கிறார்கள்; அப்படி எழுதினால் ஓட்டை முழுதாக அடைபடும் என்கிறார்கள். அடைபடும் என்பது எனக்கும் தெரியும். எழுதமாட்டேன். தூக்கலாம் என்பதோடு நிறுத்துவேன். மிச்சத்தைத் திறந்தே விடுவேன். அதற்குள்ளால் யார் வருகிறார் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் நின்று பார்ப்பேன். பார்த்து முடித்த பின்னரே உம்முடைய வாக்கியத்தைச் சொல்வேன். அதற்கு முன்னர், என் இடுப்பையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன்.

நாளைக் காலைப் போட்டில் எழுவைதீவுக்குப் போகிறேன், அடுத்த மைதானத்தை அளக்க.

இங்ஙனம்,
உம்முடைய அமலாவுக்குச் சித்தப்பனாகிய
தில்லைநாதன்